கோரிமீலாவில் மூன்று வாரம்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் கூடுகையில் ஆற்றிய உரை)



வட அயர்லாந்தின் வடகரையில் பாலிகாசில் என்றொரு சிற்றூர். அதற்குச் சற்று வெளியே, கடலைப் பார்த்த ஒரு மேட்டின்மேல் கோரிமீலா என்னும் ஒப்புரவு மையம் அமைந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாங்கள் இருவரும் மூன்று வார காலம் அங்கே தொண்டர்களாக இருந்தோம். எங்களில் ஒருவர் நர்ஸாகவும் மற்றவர் பள்ளி ஆசிரியராகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். "அங்கே போய் என்ன செய்தீர்கள்?" என்று சபையில் பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். பாத்திரம் கழுவினோம். படுக்கை விரிப்பு மாற்றினோம். தேநீர் கொடுத்தோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து களிமண் பிசைந்தோம். யாரையும் யாரோடும் நாங்கள் சமாதானப்படுத்தி வைக்கவில்லை. அப்படியானால் இது எப்படிச் சமாதான ஊழியம் ஆகும் என்று கேட்பீர்கள். அதற்கு அந்த நாட்டின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1921இல் அயர்லாந்து இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கேயுள்ள ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றுவிட்டன. அங்கே பெரும்பான்மையாயிருந்த புராட்டஸ்டண்டு மக்கள் பிரிட்டனோடு இருக்கவே விரும்பினார்கள். ரோமன் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் அயர்லாந்தோடு சேர விரும்பினார்கள். நம்மில் பலர் இதை ஏதோ வேத வியாக்கியானச் சண்டை என்றும், பூசைக்கும் பிரசங்கத்துக்கும் நடந்த போட்டி என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே போய்க் கேட்டுப் பார்த்தால் முதலில் காதில் விழுகிற சொல் வீடு. அடுத்த சொல் வேலை. மூன்றாவது வாக்குரிமை.

1960களில் அங்கே உள்ளாட்சித் தேர்தலில் எல்லாருக்கும் வாக்கு கிடையாது. வீட்டுக்கு வரி கட்டுகிற குடும்பத்தலைவருக்கும் அவர் துணைக்கும் மட்டுமே வாக்கு. பெற்றோர் வீட்டில் வாழும் வளர்ந்த பிள்ளைக்கும், பிறர் வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறவருக்கும் இல்லை. ஆகையால் நகராட்சி வீடு யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு வாக்கும் கிடைத்துவிடும். வீட்டைப் பங்கிடுகிற கை எந்தப் பக்கத்துக் கையோ, அந்தப் பக்கத்துக்கே வாக்கு பெருகும். 1968 ஜூனில் காலிடன் என்ற கிராமத்தில், பிள்ளைகுட்டிகளோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்துக்கிடக்க, புதுவீடு ஒன்று மணமாகாத 19 வயதுப் புராட்டஸ்டண்டுப் பெண் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது. ஆஸ்டின் கரி என்னும் சட்டமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்து மறியல் செய்தார். அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி டெரி நகரில் சமவுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் அடித்துக் கலைத்தது. 1969இல் இராணுவம் தெருவுக்கு வந்தது. பிறகு துப்பாக்கியும் குண்டுமாக ஏறக்குறைய 30 ஆண்டுகள். 15 இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 3,500 பேருக்கு மேல் மாண்டார்கள். 1972ஆம் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 480 பேர். 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். கோரிமீலா திறக்கப்பட்டது 1965 அக்டோபர் 30. அதாவது சண்டை வெடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக. நெருப்புப் பிடித்த பிறகு வாளியைத் தேடியவர்கள் அல்லர் அவர்கள். அதைத் தொடங்கியவர் ரே டேவி என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகர். இரண்டாம் உலகப் போரில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக வட ஆப்பிரிக்காவில் படைவீரர் நடுவே பணி செய்தவர். 1942இல் பிடிபட்டு, முதலில் இத்தாலியிலும் பிறகு ஜெர்மனியிலும் கைதியாய் இருந்தார். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவர் அந்நகரத்துக்கு அருகில்தான் இருந்தார். கிறிஸ்தவ நாடு கிறிஸ்தவ நாட்டைச் சுட்டெரித்ததைக் கண்ணால் கண்ட மனிதர், 1946இல் பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் போதகராகிறார். தம் மாணவர்களை ஸ்காட்லாந்தின் அயோனா, பிரான்சின் தெய்ஸே, இத்தாலியின் அகாபே போன்ற ஐக்கிய சமூகங்களுக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறார். 1965இல் பாலிகாசிலுக்கு அருகே ஒரு விடுமுறை விடுதி விற்பனைக்கு வந்தது. விலை ஏறக்குறைய 7,000 பவுண்டு. மாணவர்களும் நண்பர்களும் ஓடியாடிப் பணம் திரட்டி வாங்கினார்கள். வாங்கியவுடன் பெயர்ப்பலகை மாட்டவில்லை. பெயிண்டு டப்பாவும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய் ஒழுகுகிற இடங்களைச் சரிசெய்தார்கள். ஆகவே அந்த மையத்தின் முதல் ஊழியமே தொண்டர் ஊழியம்தான். கருத்தரங்கெல்லாம் பின்னால் வந்தது. டேவி 2012இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

கோரிமீலா என்ற பெயருக்கு 'இசைவின் குன்று' என்று ஆதியில் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சமாதான மையத்துக்கு எவ்வளவு பொருத்தம்! பிற்பாடு ஐரிஷ் மொழி அறிந்தவர்கள் ஆராய்ந்து, அதன் பொருள் 'மேடுபள்ளமான கடவுப் பாதை' என்பதற்கே நெருங்கியது என்று சொல்லிவிட்டார்கள். அங்குள்ளவர்கள் வருத்தப்படாமல் இந்தப் புதுப்பொருளையே சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று வாரம் இருந்து பார்த்த எங்களுக்கும் இதுவே சரியெனப் படுகிறது.

அங்கே ஒருவர் எந்தப் பக்கம் என்பதை நிறத்தாலோ உடையாலோ கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெயரைக் கேட்டால் தெரியும். படித்த பள்ளியைக் கேட்டால் தெரியும். குடியிருக்கும் தெருவைக் கேட்டால் தெரியும். ஆங்கிலத்தின் எட்டாம் எழுத்தைப் புராட்டஸ்டண்டுகள் 'எய்ச்' என்றும் கத்தோலிக்கர் 'ஹெய்ச்' என்றும் சொல்வது வழக்கமாம். டெரி என்று சற்று முன்னே சொன்னோமே, அந்த நகரை மறுபக்கத்தார் லண்டன்டெரி என்பார்கள். ஊர்ப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நீ யார் என்று தெரிந்துவிடும். "தம்பிக்கு எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்று நம்மூரில் எதற்காகக் கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகையால் இதை நாங்கள் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் வெளியூர்த் தொண்டருக்கு ஒரு பிரயோஜனம் உண்டு. அவருக்குப் பக்கம் இல்லை. அந்த நாட்டில் எல்லாரும் அறிந்த ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர், "நான் யூதன்" என்கிறார். "அது சரி, நீர் கத்தோலிக்க யூதரா, புராட்டஸ்டண்டு யூதரா?" என்று திருப்பிக் கேட்கிறார்களாம். எங்களையும் ஒரு சிறுவன் இதே ரீதியில் கேட்டான். தென்னிந்தியத் திருச்சபை என்றோம். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் கூடி ஒன்றானதென்று விளக்கினோம். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் சண்டையை முடித்துவிட்டீர்கள்" என்றான். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன பதில் சொல்ல! சபைத் தேர்தல் சமயத்தில் நம் பக்கம் வந்து பார்க்கட்டும்.

தொண்டர்கள் இரண்டு வகை. ஓராண்டு தங்குகிறவர்கள் ஒரு வகை. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வந்த வாலிபர்கள் அவர்கள். கோடைக்காலத்தில் சில வாரங்கள் மட்டும் வந்து கைகொடுக்கிறவர்கள் இன்னொரு வகை. சம்பளம் இல்லை. சாப்பாடும் படுக்கையும் உண்டு. எங்கள் பயணச் செலவு எங்களுடையது. காலையிலும் மாலையிலும் 'க்ரீ' என்னும் ஜெபக்கூடத்தில் சிறிய ஆராதனை நடக்கும். ஐரிஷ் மொழியில் அதற்கு இருதயம் என்று பொருள். வர விரும்புகிறவர் வரலாம். வராதவரை ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. மற்றபடி நாள் முழுவதும் வேலைதான். ஒரு கூட்டத்தார் காலையில் புறப்பட்டுப் போனால், மாலையில் அடுத்த கூட்டத்தார் வருமுன் அத்தனை அறையும் பெருக்கித் துடைத்து, அத்தனை படுக்கையும் விரித்தாக வேண்டும். ஐம்பது அறுபது வயதுக்காரருக்கு இடுப்பு ஒடிகிற வேலை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நாங்கள் போயிருந்த ஜூலை மாதம் அந்த நாட்டில் இலேசான மாதம் அல்ல. ஜூலை 12ஆம் தேதி, 1690ஆம் ஆண்டின் பாய்ன் யுத்த வெற்றியை நினைத்துப் புராட்டஸ்டண்டுகள் தெருத்தெருவாக மேளதாளத்தோடு அணிவகுப்பார்கள். முந்தின இரவு கட்டைகளை வீட்டுயரத்துக்கும் மேலே அடுக்கிப் பெருந்தீ மூட்டுவார்கள். ஒரு பக்கத்துக்குத் திருவிழா. மறுபக்கத்துக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் நாட்கள். ஆகையால் அந்தக் காலத்தில் இரு பக்கத்துப் பிள்ளைகளையும் தாய்மார்களையும் நகரத்திலிருந்து வெளியே அழைத்துக்கொண்டு வருவது கோரிமீலாவின் நெடுநாளைய வழக்கம்.

எங்கள் இரண்டாம் வாரத்தில் பெல்பாஸ்டிலிருந்து சில குடும்பங்கள் வந்தன. அடுத்தடுத்த இரண்டு பகுதிகளைச் சேர்ந்தவர்கள். நடுவே உயரமான மதில். அந்த மதில்களுக்குச் 'சமாதானச் சுவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாட்கள் அவர்கள் தனித்தனி மேசைகளில்தான் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் மட்டும் மதியத்துக்குள்ளேயே கலந்துவிட்டார்கள். தாய்மார் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் இடம் மாறி உட்காரச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒழுங்கு. சாப்பாட்டைத் தட்டுத்தட்டாகப் பரிமாறாமல் பெரிய பாத்திரங்களில் மேசைமேல் வைத்துவிடுவோம். உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் பக்கத்திலிருப்பவரைக் கேட்டாக வேண்டும். சாப்பிட்ட பின் விருந்தினரும் முறைவைத்துப் பாத்திரம் துடைக்க வருவார்கள்.

மூன்றாம் நாள் இரவு எங்களோடு துடைக்க நின்றவர்கள் இரண்டு தாய்மார்கள், பக்கத்துக்கு ஒருவர். அன்று மதியம் ஒரு கலந்துரையாடல் நடந்தது. இருவரும் வாயே திறக்கவில்லையாம். தண்ணீர்த் தொட்டியில் கை இருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அது ஒரு வசதி. ஒரு தாய் தட்டைத் துடைத்துக்கொண்டே, தான் சிறுமியாயிருந்தபோது தன் மாமன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொன்னார். யார் சுட்டது என்பது கடைசிவரை வழக்காகவில்லை என்றார். "மன்னித்துவிடு என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதிருக்கட்டும். முதலில் யாரென்று சொல்லட்டும்" என்றார். மற்றத் தாய் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, தன் தகப்பனார் பல வருடம் சிறையில் இருந்தாரென்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகும் வண்டியில் தனக்கு எப்போதும் வாந்தி வருமென்றும் சொன்னார். எதற்காகச் சிறை என்று அவர் சொல்லவில்லை, இவர் கேட்கவுமில்லை. மீதித் தட்டுகளைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போனார்கள்.

இதற்கு மேல் ஒரு அற்புதம் நடந்ததாக நாங்கள் சாட்சி சொல்லப்போவதில்லை. அவர்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. சிநேகிதிகளாகவுமில்லை. புறப்படுகிற காலையில் ஒருவர் தேநீர் ஊற்றும்போது, "உங்களுக்குச் சர்க்கரை வேண்டாம் இல்லையா?" என்று மற்றவரைக் கேட்டதை நாங்கள் கண்டோம். மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பெண் எப்படித் தேநீர் குடிப்பாள் என்பது இந்தப் பக்கத்துப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருடமாய்ப் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தும் தெரியாத காரியம்.

எங்களில் நர்ஸாக இருந்தவர் அன்றிரவு சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். ஆழமான புண்ணை மேலே தையல் போட்டு மூடிவிட்டால் பார்க்க அழகாயிருக்கும். உள்ளே சீழ் கட்டும். அதனால் சில புண்களைத் திறந்தேவைத்து, தினமும் துணி மாற்றி, அடியிலிருந்து சதை வளரும்படி விடுவோம். நாற்றமடிக்கும், நாட்படும், நோயாளிக்கும் பொறுமை போய்விடும். இந்த மருத்துவமனையின் வார்டுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். சமாதானம் என்று சொல்லி நியாயத்தை மூடிவிடுகிறவர்கள் மேல்தோலைத் தைக்கிறவர்கள். 2023இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பழைய கொலைகளைக் குறித்த புதிய வழக்குகளையும் மரண விசாரணைகளையும் நிறுத்திவிட்டு, தகவல் கொடுப்பவருக்கு நிபந்தனையோடு விலக்களிக்கும் சட்டம். அதிசயம் என்னவென்றால், எதிலும் ஒத்துப்போகாத வட அயர்லாந்தின் பெரிய கட்சிகள் அனைத்தும் அதை எதிர்த்தன. இரு பக்கத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் எதிர்த்தன. 2024 பிப்ரவரியில் பெல்பாஸ்ட் உயர்நீதிமன்றம் அந்த விலக்கு மனித உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்குத் தட்டுத் துடைத்த அந்தத் தாயின் நினைவுதான் வந்தது. அவர் கேட்டது பழிவாங்குதல் அல்ல. ஒரு பெயர், ஒரு பதில்.

அப்படிப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாய் நின்ற வரலாறும் உண்டு. 1975இல் ஆலயத்திலிருந்து வெளியே வந்த ஒரு கத்தோலிக்க மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தாயார், தம்மைப்போல் பிள்ளையையோ கணவனையோ இழந்தவர்களை இரு பக்கத்திலும் தேடிப்போய்ச் சந்தித்தார். அவர்கள் கூடி அழவும், அழுதபின் ஒன்றாய்ச் சாப்பிடவும் கோரிமீலா இடம் கொடுத்தது. சிலுவைக் குழு என்று அதற்குப் பெயர். அந்த வாரக்கடைசிகளிலும் யாரோ ஒரு தொண்டர்தான் படுக்கை விரித்திருப்பார். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

உடன்படிக்கை வந்துவிட்டதே, இன்னும் எதற்குத் தொண்டர்கள் என்று ஒரு சகோதரர் எங்களைக் கேட்டார். நல்ல கேள்வி. 1981இல் இருபத்தெட்டே பிள்ளைகளோடு லாகன் கல்லூரி என்ற பள்ளி பெல்பாஸ்டில் தொடங்கிற்று. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாய்ப் படிக்கவேண்டுமென்றே பெற்றோர் தொடங்கிய முதல் பள்ளி அது. அதன்பின் அப்படிப்பட்ட பள்ளிகள் பல வந்தும், அந்த நாட்டில் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கும் குறைவாகவே அவற்றில் படிக்கிறார்கள். சமாதானச் சுவர்களை 2023க்குள் அகற்றிவிடுவதாக 2013இல் அரசு அறிவித்தது. 2023 வந்து போயிற்று. பெரும்பாலான சுவர்கள் போகவில்லை. அங்கே குடியிருக்கும் மக்களே, இப்போது வேண்டாம், பயமாயிருக்கிறது என்கிறார்கள். துப்பாக்கியைக் கீழே போடுவது ஒரு கையெழுத்தில் முடியும். பயம் கீழே இறங்க ஒரு தலைமுறை போதாது. 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணியுடையோர் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்டு மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணியுடையோர் 43.5 சதவீதம். முன்பு பெரும்பான்மையாயிருந்தவர்கள் இப்போது அப்படியில்லை. பயம் பக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டுத் தொண்டரின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தத் தாய்மார் மதிலுக்கு அருகில்தான் போய் இறங்கினார்கள். கோரிமீலாவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு. அவர்கள் அந்த மேட்டின்மேல் குடியிருப்பவர்கள் அல்லர். தங்கள் தங்கள் ஊரில், தங்கள் வேலையில், தங்கள் சபையில் இருந்துகொண்டு, இரு பக்கத்தாரோடும் உறவு வைத்துக்கொள்ளுகிறவர்கள். அதற்காகச் சொந்தச் சபையிலேயே ஏச்சு வாங்கினவர்களும் உண்டு. பாரம் அவர்கள் தோளில் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் அவர்களுக்குக் கொஞ்சம் கை ஒழிய வைக்கிறோம்.

காணிக்கை கொடுப்பவர்களுக்கு முன்னால் பேசுகிறோம் என்பதால் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமாதானத்துக்கு நன்கொடை என்றால் அது எங்கே போகிறது என்று நமக்குப் புரிவதில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கு விளக்கு வாங்கினோம் என்றால் பெயர் பொறித்துக் காட்டலாம். அங்கே நாங்கள் கண்டவரை அது கொதிகலனுக்கும், சலவைச் சோப்புக்கும், பெல்பாஸ்டிலிருந்து வரும் பேருந்துக்கும், உடைந்த கோப்பைகளுக்கும் போகிறது. பெயர் பொறிக்க இடமில்லை. பஸ் கட்டணம் கட்ட முடியாத குடும்பம் வரவில்லையென்றால், மதிலின் இரு பக்கத்திலும் வசதியுள்ளவர்கள் மட்டும் கூடிப் பேசிக் கலைவார்கள். சுட்டுக்கொண்டதும் சுடப்பட்டதும் பெரும்பாலும் ஏழைத் தெருக்கள். ஆகவே அந்தப் பேருந்துக் கட்டணத்தை நாங்கள் அற்பமாக எண்ணவில்லை.

கடைசியாக, இப்படிப்பட்ட ஊழியத்துக்குப் போக விரும்பும் நம் வாலிபர்களுக்கு. இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே எங்களை வந்து பார்த்தார்கள். ஆங்கிலம் தெரியுமா, கிட்டார் வாசிக்கத் தெரியுமா என்பதெல்லாம் இரண்டாவது. கழிப்பறை கழுவ மனமிருக்கிறதா என்று முதலில் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அம்மாவைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்ததை வெளியே சொல்லாதிருக்கப் பழகுங்கள். நாங்கள் இன்று சொன்னதிலும் ஆள் அடையாளம் தெரியாதபடி பலவற்றை விட்டுவிட்டே சொன்னோம். ஒருவர் அழுதால் உடனே ஜெபிக்கத் தொடங்காமல் பக்கத்தில் நிற்கத் தெரிய வேண்டும். நம் ஜனங்களுக்கு இது கஷ்டமான பாடம். இரண்டு கதைகளைக் கேட்டுவிட்டு யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அநியாயத்தைக் கண்டால் அதற்கு அநியாயம் என்ற பெயர் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். இவை இரண்டையும் ஒரே மனதில் வைத்திருப்பது லேசல்ல. மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஜூலையிலும் அங்கே மழை பெய்கிறது.

விண்ணப்பிக்கும் முறை பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் கூடுகை முடிந்தபின் பின்வரிசையில் எங்களைச் சந்திக்கலாம்.